வெள்ளைப் பாறையடியில் சொன்ன பெயர்

இனிமேல் உடம்பை வருத்த வேண்டாம் என்று அந்த மருத்துவர் சொன்னது ஒரு வியாழக்கிழமை. என்னைவிட வயது குறைந்த பெண். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சொல்லியிருக்கலாம். அவரோ எழுந்து சுற்றி வந்து, என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் எழுந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

என் கணவர் கதவடியில் நின்றார். ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் அவருக்கு வேலை. மட்டி உரசிக் கழுவுவது, கணவாய் துப்புரவாக்குவது, மத்தியானம் கூட்டம் கூடினால் தட்டுகளை வெளியே கொண்டுபோய் வைப்பது. அன்று பாதி வேலையில் ஓடி வந்திருந்தார். மருத்துவர் சொன்னதைக் கேட்டு, "கிராட்சியே, தொத்தொரெஸ்ஸா" என்று நன்றி சொன்னார். பிறகு பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை, கண் வெளுத்திருக்கிறது என்று ஒருவர் பொரித்த மீனைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கதைக்காமல் இருக்க அவரால் முடியாது. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்களுக்குக் கலியாணமாகி, நான் இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்து சேர்ந்த காலத்திலிருந்து ஒரு பிள்ளைக்காக இதே ஓட்டம்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் நேர்த்தி வைத்தோம். இங்கே ஆவணி மாத வெயிலில், வெறுங்காலோடு இந்த நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலையில் ஏறினோம். பிறகு ஆஸ்பத்திரி. வயிற்றில் போடும் ஊசியை நானே போடப் பழகிக்கொண்டேன். போர்கோ வெக்கியோவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. அதற்காகத்தான் அந்த வீட்டை எடுத்தோம். அரிசி மூட்டையும் சூட்கேசுகளும் மட்டும் கிடந்த அந்த அறையை, வேறு யாருக்கும் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள்.

நான் வேலை செய்யும் வீட்டின் சிஞ்ஞோரா, எசமானியம்மா, தனியாக இருக்கும் ஒரு வயதான பெண். மருத்துவர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை உடுப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அயன் பெட்டியை எடுக்க மறந்துபோய் அவருடைய வெள்ளை மேசைத் துணியைக் கருக்கிவிட்டேன். அவர் ஏசவில்லை. அயன் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, என்னைக் கதிரையில் இருத்தி, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு சாவியைக் கொண்டுவந்தார். தெற்குக் கரையில் அவருடைய தகப்பன் விட்டுப்போன ஒரு தோட்ட வீடு இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்த வெள்ளைப் பாறைக் கரை. ஸ்காலா தெய் துர்க்கி என்பார்கள், துருக்கியர் படிக்கட்டு. அதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், இருபது வருடமாக இந்தத் தீவில் இருந்துகொண்டு நீ பார்க்கவில்லையா என்று கேட்டார். புருசனைக் கூட்டிக்கொண்டு போ, வயலுக்குள் நட, அந்த வெள்ளையைப் பார், மனம் கழுவிவிட்டது போல் இருக்கும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

எனக்குப் போக விருப்பமில்லை. என் கணவருக்கு மட்டும் எங்கிருந்தோ உற்சாகம் வந்துவிட்டது.

"உமக்கு ஒரு மாறுதல் வேணும்," என்றார்.

"எனக்கு மட்டுமோ?"

"சரி, எனக்குந்தான். வெளிக்கிடும்."

உணவகம் பூட்டும் திங்கட்கிழமையோடு இன்னொரு நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். ரயிலில் தீவைக் குறுக்கே கடந்து அக்ரிஜெந்தோவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தோம். பஸ்காரர் எங்களை ஒரு வீதி முடக்கில் இறக்கிவிட்டு, கையால் திசையைக் காட்டிவிட்டுப் போனார். சித்திரை மாதக் கடைசி. இரண்டு பக்கமும் கோதுமை, பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக. நடுவில் ஒரு வயல் முழுக்க இரத்தச் சிவப்பில் பூ. மாட்டுக்குத் தீனியாக விதைப்பது என்று பிறகு அறிந்தேன். கல் அடுக்கிய மதில்களில் முட்கள்ளி ஏறிக் கிடந்தது. அவர் முன்னால் நடந்து, வழியோரக் காட்டுப் பெருஞ்சீரகத்தை ஒடித்து மணந்து பார்த்து, பின்னேரம் பாஸ்தாவுக்குப் போட என்று ஒரு கட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்தச் செடியின் குணம், அதைப் போட்டு மத்தி மீன் சமைக்கும் விதம், அவருடைய குசினித் தலைவருக்கு அது சரியாக வராத கதை, எல்லாம் சொன்னார். நான் ஓம் ஓம் என்றுகொண்டு பின்னால் போனேன்.

வீடு பூட்டிக் கிடந்த வாடை அடித்தது. கட்டில்களைத் துணியால் மூடியிருந்தார்கள். அவர் யன்னல்களைத் திறந்து, அடுப்பைத் துடைத்து, சமைத்தார். ருசியாகத்தான் இருந்தது. எனக்குப் பாதிதான் இறங்கியது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை வயல் வழியாகக் கடலுக்கு நடந்தோம். பாதை ஏறி இறங்கிப் போனது. இரண்டு பக்கமும் பாதாம் மரங்கள், கிளை முழுக்க மயிர் போர்த்த பச்சைக் காய். வானம்பாடிகள் தலைக்கு மேலே நின்று கத்தின. ஒரு மேட்டில் ஏறித் திரும்பிய இடத்தில் நிலம் முடிந்தது. கீழே வெள்ளை.

சுண்ணாம்பு அடித்த சுவர் போன்ற வெள்ளையல்ல. மாவைத் தண்ணீரில் கரைத்து மலை உயரத்துக்கு ஊற்றி, அது காய்வதற்குள் காற்று வந்து தட்டுத் தட்டாக மடித்துவிட்டுப் போனது போல் இருந்தது. படிக்கட்டு என்று சொன்னது அந்த மடிப்புகளைத்தான். அடியில் கடல் பச்சையாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போக நீலமானது. கண் கூசியது.

"ஆனையிறவு உப்பளத்திலை குவிச்சு வச்சிருக்கிற மாதிரி இல்லையோ?" என்றார் அவர்.

"ஓம்," என்றேன்.

அழகு என்று கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. சிஞ்ஞோரா சொன்ன கழுவல் எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். காற்று அடித்தது, வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்போது பயம் வந்தது. ஊசி போட்ட காலங்களில் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன், ஆனால் பயந்ததில்லை. இதைப் பார்த்தும் இப்படித்தான் இருப்பேன் என்றால், மிச்ச நாள் முழுக்க இப்படியேதானா?

பாறையில் ஏறக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். கீழே இறங்கி மணலோடு நடந்தோம். மேலிருந்து விழுந்த வெள்ளைக் கட்டிகள் கரையில் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன். கல் என்று நினைத்தது பவுடர் போல விரலில் ஒட்டியது. அதைச் சேலைத் தலைப்பில் துடைக்கிறேன் என்று நினைத்துச் சட்டையில் தேய்த்தேன். அன்று நான் போட்டிருந்தது காற்சட்டையும் சட்டையும். அந்த அளவுக்குப் புத்தி கலங்கிப் போயிருந்தது.

அங்கே ஒரு குடும்பம் நின்றது. வடக்கிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், பேச்சிலேயே தெரிந்தது. தாய், தகப்பன், நடக்கத் தொடங்கிய ஒரு பையன், தாயின் நெஞ்சில் கட்டிய துணிக்குள் ஒரு கைக்குழந்தை. தகப்பன் என் கணவரிடம் போனை நீட்டி, ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். இவர் சந்தோசமாக வாங்கினார். பையன் ஓடி ஓடிப் போனான். ஒவ்வொரு முறையும் அவனைப் பிடித்துவந்து நிறுத்தி, இவர் மட்டி, நண்டு, மீன் என்று எல்லாப் பெயரையும் இத்தாலியனில் சொல்லிச் சிரிக்க வைத்து எடுத்தார். படம் நன்றாக வந்தது என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். அந்தத் தாய் என்னைப் பார்த்துக் கேட்டாள், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. "அங்கோரா நோ." இன்னும் இல்லை. சந்தையில், சிஞ்ஞோராவின் உறவுக்காரரிடம், கோயிலில், எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய பதில். வாயைத் திறந்தபோதுதான் அது இனி எனக்கு இல்லை என்று தெரிந்தது. இன்னும் என்ற சொல் போய்விட்டது.

"சீ," என்றார் என் கணவர். ஆம் என்று. "உனா பிம்பா." ஒரு பெண்பிள்ளை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தாய், பிள்ளை எங்கே, கூட்டிவரவில்லையா என்றாள். பள்ளிக்கூடம் இருக்கிறது, சிநேகிதர் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம் என்றார். மூன்றாம் வகுப்பு. கணக்கு ஓடாது, படம் கீறச் சொன்னால் நாள் முழுக்க இருப்பாள். தகப்பன் மீன் குசினியில் வேலை, மகளுக்கு மீன் வாசமே ஆகாது, வீட்டுக்குப் போனால் முதலில் குளித்துவிட்டு வா என்பாள். அவர்கள் சிரித்தார்கள். முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை என்பதையும் சொன்னார். எதையும் யோசித்துச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்கிறவரின் வேகத்தில் சொன்னார்.

பெயர் என்ன என்று கேட்டாள் அவள். உடனே ஒரு பெயரைச் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொள்ளாத பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தத் தாய் அதைத் தன் வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எழுத்துகள் இடம் மாறி விழுந்தாலும் அழகாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, உங்களைப் போல இருப்பாளா என்றாள்.

"சீ," என்றேன் நானும். வேறு எதைச் சொல்ல?

"கண் இவளுடையது," என்றார் அவர். "பிடிவாதமும் இவளுடையதுதான்."

அவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் மேட்டில் ஏறி, வந்த வழியே திரும்பினோம். அவர் பேசவில்லை. அவர் பேசாமல் நடந்ததை நான் அன்றுதான் கண்டேன். பாதாம் மரங்களுக்குப் பக்கத்தில் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"ஆர் அவள்?"

"ஆர்?"

"அந்தப் பேர். ஆரின்ரை பேர் அது?"

அவர் கல் மதிலில் இருந்துவிட்டார். தன் கைகளைப் பார்த்தார். மட்டி ஓடு வெட்டிய தழும்புகள் நிறைந்த கைகள்.

"முதல் சும்மாதான் நினைச்சனான்," என்றார். "பள்ளிக்கூடம் விடுற நேரம் பஸ்ஸிலை பிள்ளையள் ஏறுங்கள். எங்கடை எண்டால் இதைப்போலை இருக்கும் எண்டு ஒண்டைப் பாத்து நினைப்பன். பிறகு... பிறகு அவள் தானா வளந்திட்டாள். நான் ஒண்டும் செய்யேல்லை."

"வேலை இடத்திலை சொல்லியிருக்கிறீங்களோ?"

"ஓம்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

முதலாளியின் மனைவி ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு மகளுக்கென்று கலர்ப் பென்சில் பெட்டி கொடுத்தாளாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை, பஸ் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன் என்றார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உமக்கு எப்பிடிச் சொல்லுறது? நீர் ஊசி போட்டுக்கொண்டு கிடக்கிறீர்."

"ஓ. ஊசி எனக்கு. பிள்ளை உங்களுக்கு. அப்பிடியோ?"

அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இத்தனை வருடம் வெறும் வயிற்றோடு நான் படுத்துக் கிடந்த பின்னேரங்களில், இவர் அவளோடு பஸ்ஸில் போய் வந்திருக்கிறார். அவளுக்குப் பல் விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. என் கண் என்கிறார், எனக்குக் காட்டவில்லை. அந்த மதிலடியில் எனக்கு வந்தது கவலையல்ல, பொறாமை. இல்லாத ஒரு பிள்ளையை எனக்குத் தராமல் வைத்திருந்த மனிதன்மீது பொறாமை.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"இப்ப அவளை என்ன செய்யிறது? நீர் சொல்லும். அந்த தொத்தொரெஸ்ஸா உம்மட்டைத்தான் சொன்னவ, இனி வேண்டாமெண்டு. எனக்கு ஆர் சொல்லுறது? நாளைக்கு வேலைக்குப் போவன், எப்பிடி மகள் எண்டு கேப்பாங்கள். எங்கை கொண்டுபோய் விடுறது நான் அவளை?"

பிறகு அழத் தொடங்கினார். அவருடைய தாய் செத்த செய்தி வந்தபோதும் நான் பார்க்காத அழுகை. வாயைத் திறந்து, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. அந்த நேரம் பார்த்து ஒரு உழவு இயந்திரம் வந்தது. ஓட்டியவர் எங்களைப் பார்த்து மரியாதைக்குக் கையை உயர்த்தினார். இவரும் அழுதபடியே பழக்கத்தில் கையை உயர்த்தினார். அது போய் மறையும்வரை உயர்த்திய கையை இறக்க மறந்து இருந்தார்.

நான் அவரைத் தேற்றவில்லை. செத்த வீட்டில் என்றால் என்ன செய்வதென்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வார்ப்பார்கள், வாய்க்கரிசி போடுவார்கள், பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும், எட்டாம் நாள் எட்டுச் செலவு நடக்கும். இதற்கு என்ன செய்வது? தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் இருந்தேன். வெயில் அவர் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. நிழலுக்கு வாருங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸுக்கு நேரமானதால் எழுந்தோம். வீட்டில் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். கட்டில் துணிகளை இரண்டு பேருமாக ஆளுக்கொரு நுனி பிடித்து மடித்துப் பழையபடி மூடினோம். அவர் பைகளைத் தூக்கினார். ரயிலில் எதிரெதிரே இருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார், நித்திரை இல்லை என்று தெரியும். வீடு வந்து பார்த்தபோது கழுத்துத் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. தயிர் பூசிவிட்டேன். அவர் குனிந்து கொடுத்தார்.

எப்படி இருந்தது என்று சிஞ்ஞோரா ஆவலோடு கேட்டார். பெல்லிஸ்ஸிமோ, மிகவும் அழகு என்றேன். நான் சொன்னேன்தானே என்று அவர் என் கன்னத்தைத் தட்டினார்.

என் கணவர் வேலையிடத்தில் மகளை ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவோடு இருந்து படிக்கிறாள் என்று. அதை அவர் எனக்குச் சொன்னது பல வாரம் கழித்து, சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டு, முகம் பார்க்காமல். குசினியில் எல்லோரும் அவருக்காக இரங்கினார்களாம். பாவம், இவ்வளவு சின்னப் பிள்ளையை எப்படிப் பிரிந்திருக்கிறாய் என்றார்களாம். தலைவர் தன் பங்கு இனிப்பை எடுத்து இவருக்குக் கொடுத்தாராம். பிறகு, போனில் கதைக்கிறாயா, படம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அங்கே வேலையை விட்டுவிட்டு, மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் பகுதியில் சேர்ந்தார். பெரிய மெசின்களின் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கதைக்க முடியாத இடம். அது தனக்கு வசதி என்றார்.

அவர் கதை சொல்வதும் நின்றது. நான்தான் முன்பு அவருடைய பேச்சு தாங்காமல் யன்னலைப் பார்ப்பேன். இப்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலும் அவர் தன் பக்கத்து யன்னலைப் பார்க்கிறார், நான் எதிர்ப்பக்கத்து யன்னலை. போர்கோ வெக்கியோ வீட்டை விட்டுவிட்டு ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டுக்கு மாறினோம். அந்த வீட்டைக் காலி செய்த அன்று, சின்ன அறையைக் கடைசியாகக் கூட்டியது நான். அவர் வாசலில் நின்று வாகனத்தில் பெட்டிகளை ஏற்றினார், உள்ளே வரவில்லை. ஊருக்குத் திரும்புவோமா என்று ஒருமுறை கேட்டேன். அங்கை போய் என்ன சொல்லுறது என்றார். இங்கே இருப்பதற்கும் எங்களிடம் ஒரு காரணமும் இல்லை. வேலை இருக்கிறது, அதனால் எழுந்து போகிறோம்.

மூன்று வருடம் போய், இந்த வருடம் வீதியோரப் பூக்கள் வந்த நாட்களில், வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றது. பிள்ளைகள் முதுகுப் பையோடு இறங்கிப் போனார்கள். உயரமான ஒருத்தி, இரட்டைப் பின்னல், தன் பாட்டில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து நான் ஒரு வயதுக் கணக்குப் போட்டேன். பிறகு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

அன்று பின்னேரம் அவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். நான் சோற்றுப் பானையோடு பக்கத்தில் நின்றேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"அவள் இப்ப பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள், என்ன?"

அவர் வெட்டியதை ஒதுக்கிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "நான் இப்ப அவளைக் காணுறேல்லை."

அவர் வெங்காயத்தை முழுவதும் வெட்டி முடித்து, பலகையைக் கழுவி, கையைத் துடைத்தார்.

"சோறு வடிச்சாச்சோ?"

"ஓம்," என்றேன்.

இரண்டு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைத்தேன். இருந்து சாப்பிட்டோம்.